அட்ஜெக்டிவா, அட்வெர்பா? தமிழ் வழியாக ஆங்கிலம் படிப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

மாலை வகுப்பு ஒன்றில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி, 'தி சூப் டேஸ்ட்ஸ் டெலிஷியஸ்லி' என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையால் அடிப்பதற்கு முன், ஏன் இப்படி எழுதினாய் என்று கேட்டேன். "சூப் சுவையாக இருக்கிறது. 'ஆக' வந்தால் அட்வெர்ப் என்று நீங்கள்தானே சார் சொன்னீர்கள்?" என்றாள். சொன்னேன்தான். பாதி விதியை முழு விதி போலச் சொல்லியிருந்தேன். அவள் தமிழைக் கவனமாகப் பின்பற்றியதால் வந்த பிழை அது. அலட்சியத்தால் வந்ததில்லை.

அதற்குப் பிறகு இந்தப் பாடத்தைத் தமிழிலிருந்தே தொடங்கி நடத்துகிறேன். வகுப்பில் அடிக்கடி எழும் கேள்விகளையும் நான் சொல்லும் விடைகளையும் இங்கே எழுதியிருக்கிறேன். ஆங்கில வாக்கியங்கள் உச்சரிப்பின்படி தமிழ் எழுத்திலேயே இருக்கின்றன. வாய்விட்டுப் படியுங்கள், இந்தப் பாடத்தில் கண்ணைவிடக் காது முக்கியம்.

இரண்டுக்கும் என்னதான் வேறுபாடு?

அட்ஜெக்டிவ் பெயர்ச்சொல்லுக்கு அடை. அட்வெர்ப் பெயர்ச்சொல் தவிர மற்றவற்றுக்கு அடை. 'குவிக் ஆன்சர்' என்றால் விரைவான பதில். 'குவிக்' என்பது 'ஆன்சர்' என்ற பெயரைப் பற்றிப் பேசுகிறது. 'ஷீ ஆன்சர்ட் குவிக்லி' என்றால் விரைவாகப் பதில் சொன்னாள்; 'குவிக்லி' என்பது சொன்ன செயலைப் பற்றிப் பேசுகிறது.

தமிழில் பெயரடை, வினையடை என்கிறோம். முதல் பெயர் பொருத்தமானது. இரண்டாவது பெயரால் ஒரு குழப்பம் வருகிறது. வினையடை என்றவுடன் வினைக்கு மட்டும்தான் அடையாகும் என்று மாணவர்கள் நினைத்துவிடுகிறார்கள். 'வெரி டால்' என்பதில் 'வெரி' அட்வெர்ப். அது அடையாவதோ 'டால்' என்ற அட்ஜெக்டிவுக்கு. 'வெரி ஸ்லோலி' என்பதில் அது இன்னொரு அட்வெர்புக்கு அடையாகிறது. 'ஃபார்ச்சுனேட்லி, தி ரெயின் ஸ்டாப்ட்' என்பதில், நல்லவேளையாக மழை நின்றது என்று முழு வாக்கியத்துக்கும் 'ஃபார்ச்சுனேட்லி' அடையாகிறது. அட்வெர்ப் என்ற பெயருக்குள் இருக்கும் 'வெர்பம்' என்ற லத்தீன் சொல்லுக்கு 'சொல்' என்ற பொதுப்பொருளும் உண்டு.

தமிழ் இலக்கணத்தில் இந்தப் பிரிவு இல்லையே, பிறகு எப்படி ஒப்பிடுவது?

பெயர், வினை, இடை, உரி என்று நால்வகைச் சொற்களைப் படித்த நமக்கு இந்தக் கேள்வி எழுவது நியாயம். உரிச்சொல் பெயரையும் அடுத்து வரும், வினையையும் அடுத்து வரும். 'உறு புகழ்' என்றால் மிகுந்த புகழ். 'சாலப் பேசினான்' என்றால் மிகுதியாகப் பேசினான். இரண்டு வேலைக்கும் ஒரே சொல்வகை.

ஆனால் எச்சங்களைப் படித்திருப்பீர்கள். 'ஓடிய' என்பது பெயரெச்சம், பெயர் கொண்டு முடியும்: ஓடிய குதிரை. 'ஓடி' என்பது வினையெச்சம், வினை கொண்டு முடியும்: ஓடி வந்தது. எதைக் கொண்டு முடிகிறது என்று பார்க்கும் இந்தப் பழக்கம்தான் அட்ஜெக்டிவையும் அட்வெர்பையும் பிரிக்கத் தேவைப்படுவது. எட்டாம் வகுப்பு மாணவரிடம் அது ஏற்கெனவே இருக்கிறது. புதிதாக எதையோ கற்கிறோம் என்ற அச்சம் வேண்டாம்.

இன்றைய தமிழில் வேறுபாடு இன்னும் வெளிப்படை. 'ஆன' சேர்ந்தால் பெயருக்கு அடை: தெளிவான பேச்சு. 'ஆக' சேர்ந்தால் வினைக்கு அடை: தெளிவாகப் பேசினார். ஆங்கிலத்தில் 'கிளியர் ஸ்பீச்', 'ஹீ ஸ்போக் கிளியர்லி'.

அப்படியானால் 'ஆன' வந்தால் அட்ஜெக்டிவ், 'ஆக' வந்தால் அட்வெர்ப். பாடம் முடிந்ததா?

முதல் பாதி முடிந்தது. 'ஆன' வந்தால் கண்ணை மூடிக்கொண்டு அட்ஜெக்டிவ் எழுதலாம். இரண்டாம் பாதியில்தான் சூப் விழுந்தது.

தமிழில் 'ஆக' இரண்டு வேலை செய்கிறது. 'அவள் அழகாகப் பாடினாள்' என்பதில் பாடிய விதத்தைச் சொல்கிறது. 'அவள் அழகாக இருக்கிறாள்' என்பதில் விதம் எதுவும் இல்லை. அவளுடைய தன்மையைச் சொல்கிறது. தமிழ் இரண்டு இடத்திலும் ஒரே உருபைப் போடுகிறது, ஆங்கிலம் பிரித்துவிடுகிறது: 'ஷீ சேங் பியூட்டிஃபுலி', ஆனால் 'ஷீ இஸ் பியூட்டிஃபுல்'. 'ஷீ இஸ் பியூட்டிஃபுலி' என்று யாரும் சொல்வதில்லை. அந்தச் சின்ன 'இஸ்' வரும்போது நம் காது காப்பாற்றிவிடுகிறது. 'லுக்ஸ்', 'டேஸ்ட்ஸ்', 'ஸ்மெல்ஸ்', 'சவுண்ட்ஸ்', 'ஃபீல்ஸ்' வரும்போது கைவிட்டுவிடுகிறது.

நான் சொல்லிக்கொடுக்கும் சோதனை இது. 'ஆக' என்பதை 'ஆன' என்று மாற்றிப் பாருங்கள். மாற்றிய சொல் எதோடு போய் ஒட்டுகிறது?

'சூப் சுவையாக இருக்கிறது.' மாற்றினால் சுவையான சூப். பொருளோடு ஒட்டுகிறது, ஆகவே அட்ஜெக்டிவ்: 'தி சூப் டேஸ்ட்ஸ் டெலிஷியஸ்'.

'பையன் வேகமாக ஓடினான்.' வேகமான ஓட்டம். செயலோடு ஒட்டுகிறது, ஆகவே அட்வெர்ப்: 'தி பாய் ரேன் குவிக்லி'. இங்கே 'வேகமான பையன்' என்றும் சொல்லலாமே என்று யாராவது கேட்பார்கள். சொல்லலாம். ஆனால் வாக்கியம் சொல்லவந்தது அதுவா? அன்றைக்கு ஒரு முறை வேகமாக ஓடியவன் எப்போதும் வேகமானவனாக இருக்க வேண்டியதில்லை. எது வாக்கியத்தின் கருத்தைக் கெடுக்காமல் ஒட்டுகிறதோ அதுதான் விடை.

இன்னும் சில: பூ இனிமையாக மணக்கிறது, 'தி ஃப்ளவர் ஸ்மெல்ஸ் ஸ்வீட்'. உங்கள் யோசனை நியாயமாகப் படுகிறது, 'யுவர் ஐடியா சவுண்ட்ஸ் ஃபேர்'. துணி மென்மையாக இருக்கிறது, 'தி கிளாத் ஃபீல்ஸ் சாஃப்ட்'. அவர் அமைதியாகவே இருந்தார், 'ஹீ ரிமெய்ன்ட் காம்'. ஆங்கில இலக்கணத்தில் இந்த வினைகளை 'லிங்க்கிங் வெர்ப்' என்பார்கள். எழுவாயையும் அதன் தன்மையையும் சங்கிலி போல இணைப்பதால் அந்தப் பெயர். பட்டியலை மனப்பாடம் செய்வதால் பெரிய பயன் இல்லை, ஏனென்றால் பட்டியலில் இருக்கும் சொல்லே சில இடங்களில் வேறு வேலை செய்யும்.

அது எப்படி? 'ஹீ லுக்ட் ஆங்ரி', 'ஹீ லுக்ட் ஆங்ரிலி' என்று இரண்டையும் பார்த்திருக்கிறேன்.

இரண்டும் சரி. பொருள்தான் வேறு. இந்தப் பாடத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான், ஏனென்றால் ஆங்கிலம் மறைப்பதைத் தமிழ் வெளிச்சம் போட்டுக் காட்டுகிறது.

'லுக்' என்ற ஒரே வினையைத் தமிழில் இரண்டு வினைகளாக மொழிபெயர்க்கிறோம். கண்ணால் பார்ப்பது 'பார்'. பார்ப்பவருக்குத் தோன்றுவது 'தெரி' அல்லது 'இரு'. 'அவர் கோபமாகத் தெரிந்தார்' என்றால் 'ஹீ லுக்ட் ஆங்ரி'. 'அவர் என்னைக் கோபமாகப் பார்த்தார்' என்றால் 'ஹீ லுக்ட் அட் மீ ஆங்ரிலி'. 'பார்' வந்தால் அட்வெர்ப், 'தெரி' வந்தால் அட்ஜெக்டிவ்.

மற்றப் புலன்களுக்கும் தமிழ் இப்படியே இரண்டு சொற்கள் வைத்திருக்கிறது. மூக்கால் முகர்வது வேறு, பூ மணப்பது வேறு. சமையல்காரர் ரசத்தைக் கவனமாகச் சுவைத்துப் பார்த்தால் 'தி குக் டேஸ்ட்டட் தி ரசம் கேர்ஃபுலி'; ரசம் புளிப்பாக இருந்தால் 'தி ரசம் டேஸ்ட்டட் சவர்'. மருத்துவர் வயிற்றை மெதுவாகத் தொட்டுப் பார்த்தால் 'தி டாக்டர் ஃபெல்ட் தி ஸ்டமக் ஜென்ட்லி'. நோயாளிக்குச் சோர்வாக இருந்தால் 'தி பேஷன்ட் ஃபெல்ட் வீக்'. ஆங்கில வாக்கியத்தை எழுதும் முன் அந்த வினையைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். அந்தச் செயலை ஒருவர் செய்கிறாரா, அல்லது ஒன்று அப்படி இருக்கிறதா என்பது உடனே தெரிந்துவிடும்.

'கீப் தி ரூம் கிளீன்' சரியா, 'கிளீன்லி' சரியா?

'கிளீன்'. அறையைச் சுத்தமாக வை, சுத்தமான அறை. சோதனையில் அடை அறையோடு ஒட்டிவிட்டது. இதிலும் 'ஆக' வருவதால்தான் தடுமாற்றம். இங்கே தன்மை எழுவாய்க்கு உரியது இல்லை, செயப்படுபொருளுக்கு உரியது.

சுவருக்குப் பச்சை வண்ணம் பூசினால் 'பெயின்ட் தி வால் கிரீன்'. காபியைச் சூடாகக் குடித்தால் 'டிரிங்க் தி காஃபி ஹாட்'. தேர்வு எளிதாக இருந்தது என்று நினைத்தால் 'ஐ ஃபவுண்ட் தி எக்ஸாம் ஈஸி'. தேர்வு மையத்தை எளிதாகக் கண்டுபிடித்தால் 'ஐ ஃபவுண்ட் தி சென்டர் ஈஸிலி'. கடைசி இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படியுங்கள். முதலாவது எளிதான தேர்வு. இரண்டாவது மையத்தைப் பற்றியது இல்லை, கண்டுபிடித்தலைப் பற்றியது.

'லி' என்று முடிந்தால் அட்வெர்ப் என்று வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். 'ஃப்ரெண்ட்லி', 'லவ்லி', 'காஸ்ட்லி', 'லோன்லி', 'கவர்ட்லி' (கோழைத்தனமான), 'எல்டர்லி' எல்லாம் அட்ஜெக்டிவ்.

காரணம் வரலாற்றில் இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் 'லிக்' என்றால் உடல், உருவம். ஒரு பெயரோடு அதைச் சேர்த்து 'இன்னதன் உருவில் உள்ள' என்ற பொருளில் அட்ஜெக்டிவ் ஆக்கினார்கள். அதோடு ஓர் 'எ' ஒலியைச் சேர்த்து அட்வெர்ப் ஆக்கினார்கள். நூற்றாண்டுகள் போகப் போக இரண்டு விகுதிகளும் தேய்ந்து எல், ஒய் என்ற ஒரே வடிவத்தில் வந்து நின்றுவிட்டன. ஒரே சட்டையைப் போட்ட இரட்டையர்கள் போல.

பிரித்துப் பார்க்க எளிய வழி: விகுதியை எடுத்துவிட்டு மீதியைப் பாருங்கள். மீதி பெயர்ச்சொல்லாக இருந்தால் பெரும்பாலும் அட்ஜெக்டிவ் (ஃப்ரெண்ட், லவ், காஸ்ட், கவர்ட்). மீதி அட்ஜெக்டிவாக இருந்தால் பெரும்பாலும் அட்வெர்ப் (ஸ்லோ, கிளியர், குவிக்). 'டெட்லி', 'எல்டர்லி', 'பார்ட்லி' போன்ற விதிவிலக்குகள் உண்டு என்பதால்தான் 'பெரும்பாலும்' என்றேன். 'டெய்லி', 'வீக்லி', 'மன்த்லி' ஆகியவை இரண்டாகவும் வரும்: 'எ டெய்லி பேப்பர்' அட்ஜெக்டிவ், 'இட் கம்ஸ் டெய்லி' அட்வெர்ப்.

நட்பாகப் பேசினாள் என்று எப்படிச் சொல்வது? 'ஃப்ரெண்ட்லிலி' என்றா?

'ஷீ ஸ்போக் இன் எ ஃப்ரெண்ட்லி வே' என்று சொல்லுங்கள். 'வே' இருக்கும் இடத்தில் 'மேனர்' என்றும் வரலாம்.

'ஃபாஸ்ட்', 'ஹார்ட்', 'லேட்' மட்டும் ஏன் 'லி' இல்லாமலே அட்வெர்ப் ஆகின்றன?

இவையும் பழைய ஆங்கிலத்தில் கடைசியில் ஓர் 'எ' ஒலி சேர்த்து அட்வெர்ப் ஆன சொற்கள். 'ஃபாஸ்ட்' அட்ஜெக்டிவ், 'ஃபாஸ்டெ' அட்வெர்ப் என்பது போல. பிற்காலத்தில் அந்தக் கடைசி ஒலி தேய்ந்து உதிர்ந்தது. உதிர்ந்த பின் இரண்டும் ஒரே சொல்லாகத் தெரிகின்றன. ஆகவே 'ஹீ ரன்ஸ் ஃபாஸ்ட்' சரி. 'ஃபாஸ்ட்லி' என்று இன்றைய ஆங்கிலத்தில் எழுதக்கூடாது. 'ஹை', 'ஸ்ட்ரெய்ட்' ஆகியவையும் இப்படி 'லி' இல்லாமலே இரண்டாகவும் வரும்.

சாலையோரப் பலகையில் 'கோ ஸ்லோ' என்று இருக்கிறதே, அது பிழையா?

பிழை இல்லை. 'ஸ்லோ' என்ற வடிவம் பல நூற்றாண்டுகளாக அட்வெர்பாகவும் வழங்கி வருகிறது. 18ஆம் நூற்றாண்டில் ஆங்கில இலக்கண ஆசிரியர்கள் சிலர் இப்படி அட்ஜெக்டிவ் வடிவத்தை அட்வெர்பாக வழங்குவதைக் கண்டித்தார்கள். 1762இல் வெளியான தம் இலக்கண நூலில் ராபர்ட் லௌத் இதை முறையற்றது என்றே எழுதினார். அந்தக் கண்டிப்பு பள்ளிக்கூடங்களில் வேரூன்றி, 'லி' இருந்தால்தான் சரி என்ற எண்ணம் பரவிவிட்டது. ஓட்டுநருக்கு ஒரே பார்வையில் புரிய வேண்டிய பலகையில் குட்டையான, பழமையான வடிவம் இருப்பது பொருத்தமே. தேர்விலும் அலுவலகக் கடிதத்திலும் 'ஸ்லோலி' எழுதுங்கள்.

'ஹார்ட்', 'ஹார்ட்லி' இரண்டும் ஒன்றா?

இல்லவே இல்லை, இந்த ஒரு பிழை வேலையைக்கூடப் பறித்துவிடக்கூடியது. வேலைக்கான விண்ணப்பத்தில் 'ஐ ஒர்க் ஹார்ட்லி' என்று எழுதினால், 'நான் வேலையே செய்வதில்லை' என்று நாமே கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததாகிவிடும். 'ஹார்ட்லி' என்றால் 'அரிதாக, அநேகமாக இல்லை'. கடினமாக உழைக்கிறேன் என்பதற்கு 'ஐ ஒர்க் ஹார்ட்' என்பதே சரி.

இதே போல 'லேட்' என்றால் தாமதமாக, 'லேட்லி' என்றால் அண்மைக் காலமாக. 'நியர்' என்றால் அருகில், 'நியர்லி' என்றால் கிட்டத்தட்ட. 'ஷார்ட்லி' என்றால் சற்று நேரத்தில். ரயில் நிலைய அறிவிப்பில் கேட்டிருப்பீர்கள். 'ஹை' என்பது கண்ணால் காணும் உயரம், 'ஹைலி' என்பது மிகுதி: 'தி கைட் ஃப்ளூ ஹை', ஆனால் 'ஹைலி எஜுகேட்டட்'. இந்த இணைகளுக்குக் குறுக்குவழி கிடையாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம் எழுதிப் பழக வேண்டும்.

'குட்', 'வெல்': எப்போது எது?

நம் 'நன்றாக' என்ற சொல்லைச் சோதனையில் போடுங்கள். 'நன்றாகப் பாடுகிறான்' என்றால் நல்ல பாட்டு, செயலோடு ஒட்டுகிறது: 'ஹீ சிங்ஸ் வெல்'. 'தோசை நன்றாக இருக்கிறது' என்றால் நல்ல தோசை: 'தி தோசை இஸ் குட்'.

ஒரே ஒரு திருகல். 'வெல்' என்பதற்கு உடல்நலத்தோடு என்ற பொருளும் உண்டு. அந்தப் பொருளில் அது அட்ஜெக்டிவ்தான். ஆகவே காய்ச்சலிலிருந்து எழுந்தவர் 'ஐ ஆம் வெல் நவ்' என்று சொல்வது முழுக்கச் சரி. நலம் விசாரித்தால் 'ஐ ஆம் குட்' என்பதும் இன்று பேச்சில் பரவலாக ஏற்கப்பட்டது. 'ஹீ ஸ்பீக்ஸ் குட் இங்கிலீஷ்' சரி, 'ஹீ ஸ்பீக்ஸ் இங்கிலீஷ் வெல்' சரி, 'ஹீ ஸ்பீக்ஸ் இங்கிலீஷ் குட்' மட்டும் எழுத்தில் கூடாது.

'ஐ ஆம் போரிங்' என்று சொன்னதும் எதிரில் இருந்தவர் சிரித்துவிட்டார். ஏன்?

'நான் பிறரைச் சலிப்படையச் செய்பவன்' என்று பொருள் வந்துவிட்டது. நீங்கள் நினைத்தது 'ஐ ஆம் போர்ட்'.

இரண்டும் அட்ஜெக்டிவ்தான், ஆகவே இது வேறு சிக்கல். ஆனால் இதற்கும் தமிழில் மருந்து இருக்கிறது. 'எனக்குச் சலிப்பாக இருக்கிறது', 'பாடம் சலிப்பாக இருக்கிறது' என்ற இரண்டையும் ஒப்பிடுங்கள். 'சலிப்பாக இருக்கிறது' என்பது இரண்டிலும் ஒன்றே. வேறுபடுவது முன்னால் இருக்கும் 'கு' உருபு. தமிழில் யாருக்குக் 'கு' சேர்கிறதோ அவரைப் பற்றி ஆங்கிலத்தில் 'போர்ட்' என்று ஈ, டி முடிவு. 'கு' இல்லாமல் எழுவாயாக நிற்பதற்கு 'போரிங்' என்று ஐ, என், ஜி முடிவு. எனக்குக் குழப்பமாக இருக்கிறது, 'ஐ ஆம் கன்ஃப்யூஸ்ட்'. கேள்வி குழப்பமாக இருக்கிறது, 'தி கொஸ்டின் இஸ் கன்ஃப்யூஸிங்'. எனக்கு வியப்பாக இருக்கிறது, 'ஐ ஆம் சர்ப்ரைஸ்ட்'. செய்தி வியப்பாக இருக்கிறது, 'தி நியூஸ் இஸ் சர்ப்ரைஸிங்'. நான்காம் வேற்றுமை நம் நாவில் தானாக வருவது. அதை நம்பலாம்.

'ஐ ஆம் கோயிங் டு ஹோம்' என்பதில் என்ன தவறு?

'டு'. நாம் வீட்டுக்குப் போகிறோம். அந்தக் 'கு' உருபை மொழிபெயர்க்கும்போது 'டு' வந்துவிடுகிறது. இங்கே 'ஹோம்' பெயர்ச்சொல்லாக வரவில்லை, இடத்தைக் காட்டும் அட்வெர்பாக வருகிறது. போகும் திசை அதற்குள்ளேயே அடங்கியிருக்கிறது. 'அங்கே போ' என்பதற்கும் 'கோ தேர்' என்கிறோமே தவிர 'கோ டு தேர்' என்பதில்லை. 'அப்ராட்', 'அப்ஸ்டேர்ஸ்' ஆகியவையும் இப்படியே. ஆனால் 'ஸ்கூல்' பெயர்ச்சொல், ஆகவே 'கோ டு ஸ்கூல்'.

'வெரி', 'டூ' இரண்டுக்கும் 'மிகவும்' என்றுதானே பொருள்?

'டூ' என்பது மிகுதி இல்லை, மிகை. 'தி காஃபி இஸ் வெரி ஹாட்' என்றால் காபி மிகவும் சூடு; குடிக்கலாம். 'தி காஃபி இஸ் டூ ஹாட்' என்றால் சூடு அளவு மீறிவிட்டது, குடிக்க முடியாது. ஆசிரியரைப் பாராட்டி 'யூ ஆர் டூ ஸ்ட்ரிக்ட்' என்று வாழ்த்து மடலில் எழுதிய மாணவனை எனக்குத் தெரியும். அவன் மனதில் இருந்தது மரியாதை. எழுத்தில் வந்தது புகார்.

அட்வெர்பை வாக்கியத்தில் எங்கே வைப்பது?

தமிழ் வாக்கியத்தைக் கண்ணாடியில் பாருங்கள். 'நேற்று மேடையில் அருமையாகப் பேசினாள்': காலம், இடம், விதம், வினை. 'ஷீ ஸ்போக் பிரில்லியன்ட்லி ஆன் தி ஸ்டேஜ் எஸ்டர்டே': வினை, விதம், இடம், காலம். வரிசை அப்படியே தலைகீழ். எல்லா வாக்கியத்துக்கும் இது பொருந்தாது, ஆனால் தொடக்கத்தில் இதைவிட நல்ல வழிகாட்டி கிடைக்காது.

வினைக்கும் அதன் செயப்படுபொருளுக்கும் நடுவே அட்வெர்பைச் செருகாதீர்கள். 'ஷீ ஸ்பீக்ஸ் ஃப்ளூயன்ட்லி இங்கிலீஷ்' என்பது தவறு. 'ஷீ ஸ்பீக்ஸ் இங்கிலீஷ் ஃப்ளூயன்ட்லி'. 'ஆல்வேஸ்', 'ஆஃபன்', 'நெவர்' போன்றவை முதன்மை வினைக்கு முன்னும், 'இஸ்', 'ஆர்' போன்றவற்றுக்குப் பின்னும் நிற்கும்: 'ஹீ ஆல்வேஸ் கம்ஸ் எர்லி', 'ஹீ இஸ் ஆல்வேஸ் எர்லி'.

'மெல்ல மெல்ல' என்பதை 'ஸ்லோலி ஸ்லோலி' எனலாமா?

அடுக்குத்தொடர் நம் மொழியின் அழகு. ஆங்கிலத்தில் 'ஸ்லோலி' ஒரு முறை போதும். படிப்படியாக என்று அழுத்திச் சொல்ல 'லிட்டில் பை லிட்டில்' அல்லது 'கிராஜுவலி'.

'திங்க் டிஃபரென்ட்' என்று ஆப்பிள் நிறுவனம் விளம்பரம் செய்ததே?

1997இல் வந்த அந்த வாசகத்தைக் காட்டி, 'டிஃபரென்ட்லி' என்றல்லவா இருக்க வேண்டும் என்று பலர் கேட்டதுண்டு. இலக்கணப்படி 'வித்தியாசமாக யோசி' என்பதற்கு 'திங்க் டிஃபரென்ட்லி'தான். ஆனால் 'திங்க் பிக்' என்பது போல, யோசிக்கும் விதத்தை விட்டுவிட்டு யோசனையின் பொருளையே சொல்வதாகவும் அதைப் படிக்கலாம். விளம்பரக்காரர்களுக்கு அந்த உரிமை உண்டு. வங்கித் தேர்வில் பிழை கண்டுபிடிக்கும் பகுதியை எழுதுபவருக்கு அந்த உரிமை இல்லை, அங்கே 'டிஃபரென்ட்லி'.

'ஹீ கேம் ஹோம் டயர்ட்' என்று படித்தேன். 'கேம்' என்ற வினைக்குப் பிறகு அட்வெர்ப்தானே வர வேண்டும்?

இதைக் கேட்டவள் அதே சூப் மாணவி. சில மாதங்கள் கழித்து ஆங்கில நாளிதழ் ஒன்றை எடுத்துவந்து, ஒரு வரியின் கீழ் கோடு போட்டுக் காட்டினாள். அது பிழையா என்று என்னிடம் கேட்கவில்லை, தானே சோதித்துப் பார்த்தாள். 'அவன் சோர்வாக வீடு திரும்பினான். சோர்வான திரும்புதலா, சோர்வானவனா? சோர்வாக இருந்தது அவன்தான் சார். அப்படியானால் அட்ஜெக்டிவ், டயர்ட்' என்றாள்.

பக்கத்தில் இருந்த பையன் உடனே, 'மெதுவாக வீடு திரும்பினான் என்றால்?' என்று கேட்டான். அவள் யோசிக்கக்கூட இல்லை. "மெதுவானது நடை. 'ஹீ கேம் ஹோம் ஸ்லோலி'."